ஒரு பிள்ளைத் தாயும் நம் இலக்கியமும்

தாய்மையைப் போற்றுவதில் தமிழுக்கு இணை தமிழே என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கம் பொய்யன்று. திருக்குறளில் மக்கட்பேற்றுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. குழந்தையைப் பாடுதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை எழுந்தது. தாலாட்டு ஒலியாத சிற்றூர் தமிழகத்தில் இருந்ததில்லை. இத்துணைச் செல்வத்தை உடைய ஓர் இலக்கியத்தின் முன் ஒரு வினாவை வைத்துப் பார்க்க விழைகின்றோம். பெருந்துன்பப்பட்டு ஒரு குழந்தையைப் பெற்று, தானும் உயிர் பிழைத்து, மற்றொரு குழந்தைக்கு ஆசைப்பட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தும் கருக்கொள்ளாத ஒரு பெண், நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறாள்?

பெண்ணுக்கு நம் நூல்கள் இரண்டு இருக்கைகளை இட்டு வைத்துள்ளன. ஒன்று தாயின் இருக்கை. மற்றொன்று மலடி எனப்பட்டவளின் இருக்கை. முன்னதற்கு வாழ்த்தும் பின்னதற்கு இரக்கமோ இழிவோ வழங்கப்படுகின்றன. நாம் மேலே கூறிய பெண் இரண்டிலும் அமர முடியாதவள். அவள் மடியில் ஒரு குழந்தை இருக்கிறது. ஆகவே அவள் துயரம் துயரமாகக் கருதப்படுவதில்லை. குழந்தையே இல்லாதவர் முன் அவள் வாய் திறக்க நாணுகிறாள். மூன்று நான்கு பெற்றவர் முன்னும் அவ்வாறே. அலுவலகத்தில் ஒரு கோப்பின் மீது ‘நடவடிக்கை முடிந்தது’ என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவதுபோல, முதற்குழந்தை பிறந்த அன்றே அவள் கதையும் கட்டி வைக்கப்பட்டுவிடுகிறது.

மகவைக் கண்ட அளவில் தாயைக் காண மறந்தது நம் இலக்கியம் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற வருவது. அம்மறதி ஏட்டில் மட்டும் நிகழ்வதாயின் அதனைப் புலவர்களுக்கு விட்டுவிடலாம். அது நம் இல்லங்களிலும் நிகழ்கிறது. வடபுலத்தில் வாழும் நம் போன்ற குடும்பங்களில் சற்று மிகுதியாகவே நிகழ்கிறது. ஆதலின் இதனை இம்மலரில் பேசுவது பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

பெயர் சொல்லும் கதை

முதற்கண் பெயரை நோக்குவோம். நம் பழைய மருத்துவ வழக்கில் மகப்பேறின்மை பலவாறு பகுக்கப்பட்டது. ஆதி மலடி என்பவள் ஒருகாலும் கருவுறாதவள். கதலி மலடி, காக மலடி என்னும் பெயர்கள் ஒரு குழந்தை பெற்றபின் மீண்டும் பெறாதவளைக் குறிப்பன. இப்பகுப்பில் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. ஒன்று பெற்றவளுக்கும் அடுத்த பேறு தடைப்படலாம், அது தனியே ஆராயத்தக்க ஒரு நிலை என்பதைப் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர். இன்று மேனாட்டு மருத்துவம் செய்யும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்னும் பாகுபாடும் இதுவே.

ஆயினும் உவமைகள் இரண்டும் பிழைபட்டவை. கதலியாகிய வாழை ஒருமுறை குலை ஈன்று மடிவது உண்மை. ஆனால் அதன் அடியில் கன்றுகள் சூழ நிற்பதும் உண்மையே. அதனாலன்றோ ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகின்றோம்? மணப்பந்தலில் வாழ்த்தாக நிற்கும் மரமே மகப்பேற்று அறையில் வசையாக மாறுகிறது. காக்கை ஒருமுறையே ஈனும் என்பதோ வெறும் நம்பிக்கை. அது ஆண்டுதோறும் கூடு கட்டி மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடுகிறது. குயிலின் குஞ்சையும் சேர்த்து வளர்க்கிறது. வாழைக்கும் காக்கைக்கும் இல்லாத குறையை அவற்றின் மேல் ஏற்றி, அவற்றின் பெயரைப் பெண்ணின் மேல் ஏற்றினோம். மேலும், பெயர் இருந்ததே தவிர அப்பெயருக்குரியவள் பாட்டுடைத் தலைவியாக வந்தாளில்லை. மருத்துவ ஏட்டில் ஒரு வகையாகவும் வாய்ப்பேச்சில் ஒரு வசையாகவும் நின்றுவிட்டாள்.

புனிறு என்னும் சொல்

சங்கச் சான்றோர் மகப்பேற்றைப் பாடாதவரல்லர். ஈன்ற அணிமையைக் குறிக்கப் ‘புனிறு’ என்றொரு சொல்லையே அவர்கள் வைத்திருந்தனர். தொல்காப்பியர் உரியியலில் அதற்குப் பொருள் வரையறை செய்துள்ளார். பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் தலைவன் பிரிந்து உறைதல் ஆகாது என்று கற்பியல் கூறுவதற்கு, அது கருத்தோன்றும் காலம் என்று உரையாசிரியர்கள் காரணம் காட்டுவர். பெண்ணின் உடலைப் பற்றிப் பேச அவ்விலக்கணம் கூசவில்லை.

நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு மகப்பேற்று மனை கண்முன் விரிகிறது. காவல் மனையில் மணி ஒலிக்கிறது. பந்தரில் மணல் பரப்பியுள்ளனர். மகளிர் நற்சொல் கேட்க நிற்கின்றனர். குழந்தை செவிலியின் அருகே உறங்குகிறது. ஐயவி அப்பி நெய்யாடிய மெல்லிய உடம்பினளாய்த் தாய் கண்மூடிக் கிடக்கிறாள். நள்ளிரவில் கள்வனைப் போலத் தலைவன் வருகிறான். 370ஆம் பாட்டிலோ, மகனைப் பெற்று முதுபெண்டு ஆகிவிட்டாயோ என்று தலைவியிடம் முன்பு தான் விளையாட்டாகப் பேசியதையும், அவள் நாணிக் கண்புதைத்ததையும் தலைவன் பாணனிடம் நினைவுகூர்கிறான். இரண்டும் மிக உயர்ந்த பாட்டுகள். பச்சை உடம்புக்காரியை இவ்வளவு அருகிலிருந்து பரிவோடு பார்த்த வேறு பழம்பாட்டை நாம் அறியோம்.

ஆயினும் பேசுபவர் யார் என நோக்குதல் வேண்டும். முற்பாட்டைச் சொல்பவள் பரத்தை எனத் துறைக்குறிப்பு உரைக்கிறது. பிற்பாட்டைச் சொல்பவன் கணவன். பெற்றவள் உறங்குகிறாள்; அல்லது கண் புதைக்கிறாள். அந்த நெய்யின் கீழ், அந்த ஐயவியின் கீழ், அவள் உடம்பு என்ன பட்டது என்று அவள் வாய் ஒரு சொல்லும் கூறவில்லை. புறநானூற்றின் 279ஆம் பாட்டில், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள், தன் ஒரே மகனைத் தலைவாரி வேல் கொடுத்துப் போர்க்களம் அனுப்புகிறாள். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். அவள் துணிவைப் போற்ற வந்த பாட்டு அது. ஏன் ஒரே மகன் என்று வினவ அங்கு இடமில்லை. அதனைக் குறையாகக் கூறோம். ஆனால் அவ்வினாவை எழுப்பும் இடம் வேறு எந்தப் பாட்டிலும் வந்ததில்லையே என்பதுதான் நம் கவலை.

கோயிற் கதைகள் இரண்டு

இலக்கியம் கைவிட்ட இடத்தைத் தலபுராணங்கள் ஓரளவு நிரப்பின. பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர்க் கதையை நம் இல்லத்துப் பெண்கள் அனைவரும் அறிவர். நித்துருவ முனிவர் இல்லாத வேளையில், கருவுற்று அயர்ந்திருந்த அவர் மனைவி வேதிகையின் வாயிலில் வேறொரு முனிவர் வந்து நின்றார். உடனே எழுந்து உபசரிக்க அவளால் இயலவில்லை. அவர் சினந்து சபித்தார், கரு சிதைந்தது. அம்மை அக்கருவை ஒரு குடத்தில் காத்துக் குழந்தையாக்கித் தந்தாள். கருவுற்றவளின் அயர்ச்சியைக் குற்றமெனக் கொண்ட ஆடவரின் சினத்தை இக்கதை மறைக்கவில்லை. அது இதன் நேர்மை. எனினும் குழந்தை கைக்கு வந்ததும் கதை முடிகிறது. கரு சிதைந்த வயிறு பின்பு என்ன ஆயிற்று, வேதிகை மறுபடியும் கருவுற்றாளா, கருவுற அஞ்சினாளா என்பவை கதைக்குப் புறம்பாகிவிட்டன.

திருச்சிராப்பள்ளிக் கதை வேறு தன்மையது. பேறுகாலத்தில் இரத்தினாவதியின் தாய் வந்து சேர முடியவில்லை, காவிரியில் வெள்ளம். இறைவன் அத்தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்த்து, வெள்ளம் வடியும் வரை உடனிருந்தான், தாயுமானவன் ஆனான். இக்கதையின் கண் குழந்தையின் மேல் இல்லை. பெற்றவள் மேல் இருக்கிறது. பேறு முடிந்த உடனே இறைவன் மறைந்துவிடவில்லை. உண்மைத் தாய் வரும்வரை தங்கினான் என்பதே இதன் அழகு. அக்கோயிலில் சுகப்பேறு வேண்டி வாழைத்தார் படைக்கின்றனர். கதலி என்று வைத மரம் இங்கே காணிக்கையாகிறது. ஆயிரம் கல் தொலைவில் தாயை விட்டுவிட்டு வாழும் நம் பெண்களுக்கு இக்கதையைவிட நெருங்கிய கதை வேறு இல்லை எனலாம்.

நாம் வாழும் வடபுலத்தின் வழக்கத்தையும் உடன் வைத்துப் பார்க்கலாம். தீபாவளிக்கு எட்டு நாள் முன்னர் இங்குள்ள தாய்மார் அகோயி அட்டமி நோன்பு இருக்கின்றனர். மண் தோண்டச் சென்ற ஒருத்தியின் கருவி பட்டு ஒரு விலங்கின் குட்டி இறந்தது. அப்பழியால் அவள் ஏழு மக்களையும் இழந்தாள் என்பது நோன்புக் கதை. அறியாமல் நிகழ்ந்ததற்கும் அவளே பொறுப்பு. நம்மவர் நாக தோடம் என்பதும் இதுவே. மகவு இல்லையெனில், அல்லது இருந்த மகவு நிலைக்கவில்லையெனில், தெற்கும் வடக்கும் ஒருசேரக் கேட்பது ‘அவள் என்ன செய்தாள்?’ என்பதே. ‘அவளுக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்பாரில்லை.

எண்ணிக்கையிலும் ஒரு வஞ்சம் உண்டு. பவபூதியின் உத்தரராமசரிதத் தொடக்கத்தில், தயரதனுக்குச் சாந்தை என்னும் மகள் இருந்தாள், அவளை உரோமபாதனுக்கு மகளாகக் கொடுத்தான் என்ற செய்தி வருகிறது. அம்மரபின்படி நோக்கினால் தயரதன் மகவற்றவன் அல்லன். ஒரு மகவு பெற்று நெடுங்காலம் காத்திருந்தவன். ஆயினும் பிள்ளையில்லாத் துயரமாகவே அவன் துயரம் உலகெங்கும் பாடப்பட்டது. மகள் கணக்கில் வரவில்லை. ஒரே பெண் குழந்தையை உடைய தாயிடம் இன்றும் உறவினர் ‘ஒன்றும் இல்லையா?’ என்று கேட்பதை நாம் செவியுற்றிருக்கிறோம்.

பிள்ளைத்தமிழும் தாலாட்டும்

பிள்ளைத்தமிழ் புலவன் தாயின் நிலையில் நின்று பாடுவது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள் அதற்கு உண்டு. காப்புப் பருவத்தைக் குழந்தையின் மூன்றாம் திங்களுக்கு உரியதாகக் கூறுவர். அஃதாவது, குருதியும் காய்ச்சலும் உறக்கமற்ற இரவுகளும் கழிந்து, புனிறு தீர்ந்த பின்னரே பாட்டு தொடங்குகிறது. இலக்கணமே தாயின் நோயைக் கழித்துவிட்டுக் குழந்தையின் பொலிவை எடுத்துக்கொண்டது. குமரகுருபரர் போன்ற பெருங்கவிஞரின் கையில் அது மிக உயர்ந்த கலையாயிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே தாயின் குரல் கடன் வாங்கிய குரல்; தாயின் உடம்பு அங்கு இல்லை.

தாலாட்டு அவ்வாறன்று. அது பெற்றவளே பாடுவது. கோயில் கோயிலாகச் சுற்றியதும், நோன்பு கிடந்ததும், மலடி என்று ஊரார் இகழ்ந்ததும், அவ்விகழ்ச்சியைத் தீர்க்கப் பிள்ளை வந்ததும் தாலாட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. மகப்பேறின்மையின் துயரத்தைப் பெண் தன் வாயால் கூறிய பழைய இலக்கியம் உண்டென்றால் அது இதுவே. ஆனால் தாலாட்டின் இயல்பை ஓர்ந்து பாருங்கள். தொட்டிலில் குழந்தை கிடக்கும்போதே அதனைப் பாட முடியும். வந்து சேர்ந்த பிள்ளைக்கே தாலாட்டு. வாராத இரண்டாம் பிள்ளைக்கு எந்தத் தொட்டிலை ஆட்டுவது? துயரத்தைக் கூறுவதற்கும் அது முடிந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வகையின் எல்லை.

தற்காலத்தில்

தற்கால எழுத்தில் இவ்வெல்லை இரு முனைகளில் உடைந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) குழந்தையற்ற ஓர் இணையரை ஊர்ப்பேச்சு எவ்வாறு நாள்தோறும் அரிக்கிறது என்பதை நுணுகிக் காட்டியது. அந்நாவலைச் சூழ்ந்து எழுந்த பூசலும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று அளித்த தீர்ப்பும் நாடறிந்தவை. பூசலின் இரைச்சலில் ஒரு செய்தி கேளாது போயிற்று. பொன்னாளை வருத்துவது குழந்தை இன்மையினும் மிகுதியாக ஊரார் கேட்கும் கேள்விகளே என்பதுதான் அது. கவிஞர் சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ (2000) தொகுப்பிலோ, மகப்பேற்றின் வடுக்களைத் தாங்கிய உடலோடு கணவன் முன் நிற்கும் பெண் தானே பேசுகிறாள். நற்றிணையில் கண் புதைத்தவள் இங்கே கண் திறந்து பேசுகிறாள் எனில் மிகையன்று.

இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இன்னும் வெறுமையாக உள்ளது. முன்னது ஒன்றும் பெறாதவளின் கதை. பின்னது பெற்றவளின் உடற்குரல். பெற்று, நொந்து, மறுபடி பெற விழைந்து, விழைவோடு அச்சமும் கலந்து நிற்பவளின் கதை நாம் படித்த அளவில் முழுமையாக எழுதப்படவில்லை. இலக்கியத்துக்கு இதனினும் உரிய பொருள் யாது? ஒரு மனத்தில் இரண்டு எதிர் விழைவுகள் நிற்பதையன்றோ பெருங்கதைகள் எல்லாம் பாடின? திங்கள்தோறும் எதிர்பார்ப்பதும், எதிர்பார்த்தது நடந்துவிட்டால் மீண்டும் அந்த மேசையில் கிடக்க வேண்டுமே என்று நடுங்குவதும், தனியே விளையாடும் முதற்குழந்தையைக் கண்டு அதற்கும் தான் பிழை செய்துவிட்டதாக எண்ணுவதும் ஒரே நாளில் ஒரே நெஞ்சில் நிகழ்கின்றன.

மருத்துவம் கேட்கும் கதை

இது சிலருக்கு மட்டும் உரிய துயரம் என்று எண்ணுதல் தவறு. 2010ஆம் ஆண்டு நிலையை உலக அளவில் ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, குழந்தை பெற முயன்ற 20 முதல் 44 வயதுப் பெண்களில் 1.9 விழுக்காட்டினர் முதற்குழந்தையே பெற இயலாதிருந்தனர் என்றும், முன்பே ஒரு குழந்தையேனும் பெற்று மீண்டும் முயன்றவர்களில் 10.5 விழுக்காட்டினர் அடுத்த குழந்தை பெற இயலாதிருந்தனர் என்றும் கணித்தது. இலக்கியம் விரிவாகப் பேசிய துயரத்தினும், அது பேசாது விட்ட துயரமே மிகுதி.

காரணங்கள் பல. பேற்றின்போது குருதி மிகுதியாக வெளியேறினால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி நலிவுறலாம். அப்போது பால் சுரவாது, மாதவிலக்கு மீளாது. ஷீஹன் என்னும் மருத்துவர் இதனை 1937இல் விளக்கினார். நஞ்சுக்கொடி முற்றும் வெளிவராத நிலையிலோ கருச்சிதைவுக்குப் பின்னரோ கருப்பையைச் சுரண்டித் தூய்மை செய்யும்போது, உட்சுவர்கள் புண்ணாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஆஷர்மன் 1948இல் எழுதியது இதனைப் பற்றியே. பேற்றுக்குப் பின் வரும் தொற்றினால் கருக்குழாய்கள் அடைபடலாம். நம் நாட்டில் காசநோய் நுரையீரலை விட்டு அக்குழாய்களைப் பற்றுவதும் உண்டு. தைராய்டு கோளாறும், வயதும் காரணமாகலாம். குறை கணவனிடத்தும் இருக்கலாம். முன்பு ஒரு குழந்தை பிறந்தது என்பது அதற்கு விலக்கு ஆகாது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை எனில், பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருப்பின் ஆறு திங்களிலேயே, இருவரும் மருத்துவரை நாடுதல் வேண்டும். முதற்பேற்றில் இடர் நேர்ந்திருந்தால் அத்துணைக் காலமும் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நாம் முன்பு கூறிய மறதி இல்லத்துக்குள் நுழைகிறது. தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் திங்களில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தமிழ்நாட்டுக்கு ரயில் ஏறுகிறாள். கணவன் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமல் இங்கே இருக்கிறான். ‘ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்’ என்று செய்தி வருகிறது. ‘நலம்’ என்ற அவ்வொரு சொல்லுக்குள் எத்தனையோ அடங்கிவிடுகின்றன. மூன்றாம் திங்களிலோ ஐந்தாம் திங்களிலோ குழந்தையோடு அவள் திரும்பி வரும்போது, பிள்ளைத்தமிழில் நிகழ்வதுபோலவே, கதை காப்புப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவமனைத் தாள்கள் ஊரில் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன, அல்லது கிடைப்பதேயில்லை.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கோயில்கள் பல சென்றனர். நாகப் பிரதிட்டை செய்தனர். அண்டை வீட்டு அம்மையார், ‘ஒன்றோடு நிறுத்திவிட்டாயா, அம்மா?’ என்று கேட்காத பண்டிகை இல்லை. கடைசியில் இந்நகரத்து மருத்துவர் ஒருவர் கேட்ட முதற்கேள்வி, ‘அன்று என்ன நடந்தது?’ என்பது. கணவருக்குத் தெரியவில்லை. அப்பெண்ணுக்கோ மயக்கத்தில் கேட்ட குரல்கள் மட்டுமே நினைவிருந்தன. ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது அவள் அண்ணி சொன்னார்: நஞ்சுக்கொடி வரவில்லை, கையால் எடுத்தார்கள், பின்பு ஒருமுறை உள்ளே சுத்தம் செய்தார்கள், பயப்படுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த ஒரு விடையே சோதனைக்கு வழி காட்டியது. கருப்பையின் உட்புறம் ஒட்டிக்கிடந்தது தெரியவந்தது. ஒட்டுதலைக் கருவி கொண்டு நீக்க முடியும், முழுப் பயன் உறுதியில்லை என்றார் மருத்துவர்.

அதன்பின் குழந்தை பிறந்ததா என்று வாசகர் கேட்கக்கூடும். அதனை இங்குக் கூறாது விடுகின்றோம். பெற்றவளை விட்டு நம் கண் மறுபடியும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடும் என்பது கருதியே. அப்பெண் நம் இல்லத்தரசியிடம் கூறிய ஒரு சொல் போதும்: ‘ஆறு வருஷமா நான் செஞ்ச பாவம்னு நெனச்சேன் அக்கா, எனக்கு நடந்தது ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலை.’ நாம் மேலே நூல்களில் தேடிக் காணாத குரல் இதுதான். ‘நான் செய்தது’ என்பதற்கும் ‘எனக்கு நடந்தது’ என்பதற்கும் உள்ள தொலைவை அவள் ஆறு ஆண்டுகளில் கடந்தாள். ஒரு நல்ல சிறுகதை அத்தொலைவைக் கடக்க அவளுக்கு முன்பே துணை செய்திருக்கலாம்.

இரண்டு மறுப்புகள்

இலக்கியம் என்ன மருத்துவக் கையேடா என்று வினவுவோர் உண்டு. அன்று. கருப்பையின் ஒட்டுதலைக் கதை நீக்காது. ஆயின் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வியும் கதைகேட்போன் கேள்வியே: அன்று என்ன நடந்தது? அதற்கு விடை கூற ஒருத்திக்குச் சொற்கள் வேண்டும். தன் பேறு கூறத்தக்கது, கூச வேண்டாதது என்ற துணிவு வேண்டும். சொற்களையும் துணிவையும் ஒரு சமுதாயம் தன் இலக்கியத்திலிருந்தே பெறுகிறது. புனிறு என்ற சொல்லை வழக்கிலிருந்து இழந்தோம். அதனோடு அந்நாட்களைப் பற்றிப் பேசும் வழக்கத்தையும் இழந்தோம்.

ஒரு குழந்தை போதாதா, நாட்டில் மக்கள்தொகை குறைவா என்பது மற்றொரு மறுப்பு. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்றும், பின்னர் ‘நாம் இருவர் நமக்கு ஒருவர்’ என்றும் சுவரெங்கும் எழுதிப் படித்த தலைமுறை நாம். ஒன்றோடு நிறுத்துவது ஒருவர் தேர்ந்துகொண்டதாயின் அது அவர் உரிமை, அதனை வாழ்த்துவோம். தேர்ந்துகொள்ளாமல் நின்றுபோனதைத் தேர்ந்ததாகக் கூறி ஆறுதல் சொல்வது அவள் வாயை அடைக்கும் வழி. ‘ஒன்று இருக்கிறதே’ என்ற சொல் அன்பினால் கூறப்படுவதே. ஆயினும் பசித்தவனிடம் நேற்று உண்டாயே என்பது போன்றது அது.

முடிவாக

நம் இலக்கியத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஐயவியும் நெய்யும் மணக்கும் அம்மனைக்குள் நம்மை அழைத்துச் சென்ற இலக்கியம் அது. வெள்ளம் வடியும் வரை பெற்றவளோடு இறைவனை இருத்திவைத்த கற்பனையும் நம்முடையதே. அவ்விரண்டையும் தொடர்ந்து எழுதியிருந்தால் நாம் தேடிய பெண்ணையும் வந்தடைந்திருப்போம். இனியேனும் வந்தடைதல் கூடும்.

அதற்குச் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களிடம் நாம் வேண்டுவன எளியவை. தலைப்பேறு முடிந்து வரும் பெண், மருத்துவமனைத் தாள்களைக் குழந்தையின் பிறப்புச் சான்றோடு சேர்த்துக் கொண்டுவரட்டும். அங்கே நடந்ததை அவளிடம் மறைக்காது கூறுமாறு ஊரிலுள்ள பெரியோரைக் கேட்டுக்கொள்வோம். அடுத்த குழந்தை எப்போது என்று கேட்க வாயெடுக்கும்போது, அன்று உனக்கு எப்படி இருந்தது, அம்மா என்று கேட்போம்; விடை நீண்டதாயின் அமர்ந்து கேட்போம். நம் மகளிர் அணியினர் அடுத்த மலருக்குக் கோலக் குறிப்பும் சமையற் குறிப்பும் எழுதித் தருவதோடு தம் பேறுகாலத்தையும் தம் சொற்களிலேயே எழுதித் தரட்டும். பெயர் வெளியிட வேண்டுவதில்லை. இலக்கணப் பிழை இருப்பின் திருத்தித் தர நம் மலர்க்குழுவில் புலவர்கள் உள்ளனர். பொருளைத் திருத்தாமல் விட்டுவிடுமாறு அப்புலவர்களையும் கேட்டுக்கொள்கின்றோம்.